மூன்றாம் பக்கத்தில் தொடங்கும் பாட்டு

செல்வினுக்கு,

நேற்றுக் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே நீ சொன்ன ஒரு பேச்சு என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. "மொதத் தட்டு எங்கயாவது கெடச்சா பார்சல்ல அனுப்பி வைக்கேன் சித்தி" என்றாய். உன் அப்பா சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "சரி" என்றேன். பிறகு அடுப்படிக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். கப்பலில் ரேடியோ ஆபீசர் வேலை, ஊர் ஊராகத் துறைமுகம், அங்கங்கே இசைத்தட்டுக் கடைகள். நாம் இத்தனை வருஷமாகத் தேடுகிற அந்த முதல் இசைத்தட்டு என்றைக்காவது உன் கண்ணில் படத்தான் செய்யும். அதில் எனக்குச் சந்தோஷம்தான். பார்சல் என்ற சொல்தான் குத்துகிறது. அனுப்புகிறவன் வரப்போவதில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

இன்று நீ அத்தையிடம் சொல்லிக்கொண்டு வர நாசரேத்துக்குப் போயிருக்கிறாய். அப்பா துறைமுகத்தில். நாளைச் சாயங்காலம் உனக்கு ரயில், பம்பாயில் கப்பல். கச்சான் காற்று காலையிலிருந்தே மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் புழுதி மேஜைமேல் படிகிறது, அடைத்தால் புழுக்கம். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து அடைக்கிறேன், இன்னும் நாலு வரி எழுதிவிட்டுத் திறக்கிறேன். கொடியில் கிடந்த உன் சட்டையை எடுத்து மடித்தேன். மடித்தது சரியில்லை என்று உதறி மறுபடியும் மடித்தேன். அதனால் இந்தக் கடிதம் ஒரு சீராக இருக்காது. நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் எனக்கு வராது. உனக்கும் வராது. பெற்ற தாயும் பிள்ளையுமாக இல்லாமலே இந்த ஒரு குணம் நமக்குள் எப்படி ஒத்துப்போனதோ.

எழுபத்திரண்டில் நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினான்கு வயது, எனக்கு இருபத்துநான்கு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து பழகியவள் நான். மனைவியை இழந்தவர், கப்பல் ஏஜென்சியில் நல்ல உத்தியோகம், ஒரு பையன் இருக்கிறான் என்று சொன்னார்கள். பையன் என்றதும் இடுப்பில் தூக்குகிற பையனை நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால், என் தோளுக்கு மேல் வளர்ந்த ஒருவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கிறான். முதல் இரண்டு வருஷம் நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மா இல்லை, சித்தி இல்லை, "ஏங்க" கூட இல்லை. அதற்காக நீ பட்ட பாட்டை நான் உள்ளுக்குள் ரசித்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா? அடுப்படி வாசலில் நின்று தொண்டையைச் செருமுவாய். "பேனாவுல மை தீந்துட்டு" என்று நிலைக்கதவிடம் சொல்வாய். "மழை வரும் போலிருக்கு" என்றால், கொடியில் துணி கிடக்கிறது என்று அர்த்தம். யாரையும் கூப்பிடாமலே ஒரு வீட்டில் இத்தனை காரியம் நடத்தலாம் என்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. வந்த நாளிலேயே நீ அம்மா என்று கூப்பிட்டிருந்தால்தான் பயந்திருப்பேன்.

கூடத்து மூலையில் உன் அம்மாவின் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அதன்மேல் அவர் கையால் நீல நூலில் பூவேலை செய்த ஒரு துணி. வீட்டைச் சுற்றிக் காட்டிய அன்று உன் அப்பா அந்த மூலையை மட்டும் வேகமாகக் கடந்து போனார். கோயிலில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசித்தவர் உன் அம்மா என்பதை நான் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தினமும் அந்தப் பெட்டியைச் சுற்றித் தூசி தட்டுவேன், துணியைத் தொடமாட்டேன். அதை எடுக்க வேண்டியது யார் என்ற விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பிறகு அந்த வெள்ளைக்கார இஞ்சினியர் வந்தான். புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்து கட்டுகிற காலத்துக்கு முன்னால் நடந்தது இது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அப்படி நின்ற ஒரு கப்பலிலிருந்து குடல்வால் வெடிக்கிற நிலையில் ஒருவனைப் படகில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கப்பல் போய்விட்டது, அவன் தங்கிவிட்டான். கரையில் கப்பல்காரனுக்கு என்ன வேண்டுமென்றாலும் பார்ப்பது அப்பாவின் ஏஜென்சிதானே. வீட்டிலிருந்து கஞ்சி போனது. "வெள்ளக்காரன் நம்ம வீட்டுக் கஞ்சியக் குடிச்சிட்டு ரெண்டாந் தடவ கேக்கான்ளா" என்று அப்பா பெருமையாக வந்து சொன்னது நினைவிருக்கிறது. குணமாகிப் புறப்படும்போது அவன் தன் பையிலிருந்து ஒரு இசைத்தட்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தான். இரண்டு தட்டுள்ள தொகுப்பு அது. இரண்டாவது தட்டுதான் கையில் இருக்கிறது, முதலாவதைக் கப்பலில் ஒரு சிநேகிதன் கேட்க வாங்கியவன் திருப்பித் தரவில்லை என்று சொல்லி வருத்தப்பட்டானாம். புத்தகம் மாதிரி விரிகிற அட்டை, இரண்டு பக்கமும் பை, ஒரு பை காலி. அட்டையில் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாக ஒரு வெளி, நடுவில் சுவரே இல்லாமல் ஒரு கதவு மட்டும் நிற்கிறது. "எவன்ளா உப்பளத்துக்கு நடுவுல கதவப் போட்டது?" என்றார் அப்பா. குழுவின் பெயர் கார்டர்ஸ் மில் என்று நீ படித்தாய். "மில்லா? நூல் மில்லுக்காரனுவளும் பாட ஆரம்பிச்சிட்டானுவளா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

தட்டு அட்டையோடு அலமாரியில் கொஞ்ச நாள் கிடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாய். நான் அடுப்படி வாசலில் கையில் சுளகோடு நின்றுவிட்டேன். துணியை எடுத்து நாலாக மடித்தாய். மூடியைத் திறந்தாய். உள்ளே சுழலும் தட்டின்மேல் ஏற்கெனவே ஒரு சின்ன இசைத்தட்டு இருந்தது. உன் அம்மா கடைசியாகப் போட்டுக் கேட்டது. எடுத்துவைக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை போலிருக்கிறது. நீ அதை விளிம்பைப் பிடித்து எடுத்தாய். எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தாய். பிறகு அந்தப் பெரிய அட்டையின் காலிப் பைக்குள் அதை மெல்ல இறக்கினாய். சின்னத் தட்டு உள்ளே சறுக்கிக்கொண்டு போய் அடியில் தட்டிய சத்தம் எனக்கு நின்ற இடத்தில் கேட்டது. புதுத் தட்டை வைத்தாய், ஊசியை இறக்கினாய், திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: "சித்தி, இங்கன வந்து கேளுங்க."

அந்தப் பாட்டு தொடங்கவில்லை செல்வின், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தட்டின் லேபிளிலேயே மூன்றாம் பக்கம் என்றுதான் போட்டிருந்தது; ஒன்றும் இரண்டும் தொலைந்துபோன முதல் தட்டில். முன்னுரை இல்லை, வாருங்கள் என்ற உபசாரம் இல்லை. ஆட்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும் அறையின் கதவைத் தெரியாமல் திறந்துவிட்ட மாதிரி, ஓடிக்கொண்டிருக்கிற டிரம்முக்கும் அதன் கீழே நடக்கிற பேஸ் கிட்டாருக்கும் நடுவில் நாம் போய் நின்றோம். முதல் பாதியில் என்ன நடந்தது, இவர்கள் எதைப் பற்றி இவ்வளவு தவிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. நானும் இந்த வீட்டுக்குள் அப்படித்தானே வந்தேன். மேலே ஆர்கன் ஒரே சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நெடுநேரம் கழித்து, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கும்போது, புல்லாங்குழல் வருகிறது. பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா மதில்மேல் தலையை நீட்டி, "ஏளா, பாட்டு எப்பளா ஆரம்பிக்கும்?" என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "ஆரம்பிச்சிட்டுக்கா" என்றேன். "நான் யாரோ மேசைய இழுக்காவன்னுல்லா நெனச்சேன்" என்றாள். அன்றுதான் நீ என் முன்னால் முதல்முறையாகச் சிரித்தாய்.

அந்தத் தாளம் உன்னைப் படாத பாடு படுத்தியது. நாலு நாலாக எண்ணுவாய், நடுவில் வழுக்கிவிடும். ஊசியைத் தூக்கி மறுபடி வைப்பாய், மறுபடி வழுக்கும். "இவனுவளுக்கு எண்ணத் தெரியல" என்று ஆத்திரப்பட்டாய். நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சுளகு தானாக அந்தத் தாளத்தில் விழுந்தது. தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நாலும் ஏழு. நம் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இழுத்து இழுத்துப் பாடுகிற கீர்த்தனையின் அதே நடை. சொன்னதும் நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இங்கிலாந்தில் ஏதோ ஒரு மில் ஊரில் ஐந்து பேர் இதை எங்கிருந்து பிடித்தார்கள் என்று நாம் இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். மை, மழை, துணியைத் தவிர நாம் பேசிய முதல் விஷயம் அது.

அதற்குப் பிறகு எத்தனை மத்தியானங்கள். எனக்கு மேல்நாட்டு இசை ஒன்றும் தெரியாது, நீதான் கேட்கப் பழக்கினாய். "பாடுறவன விடுங்க சித்தி, கீழ நடக்கவனக் கேளுங்க" என்றாய். கேட்கக் கேட்க, அந்த பேஸ் கிட்டார்காரன்தான் உண்மையில் பாடுகிறான், மற்றவர்கள் அவனுக்கு வழிவிட்டு நடக்கிறார்கள் என்று புரிந்தது. அந்தக் குழுவில் எனக்குப் பிடித்தது இந்த அடக்கம்தான். எல்லோருக்கும் கை வேகம் இருக்கிறது, யாரும் அதைக் காட்டிக்கொள்ள முந்துவதில்லை. பாடுகிறவன் நீண்ட பாட்டில் நாலைந்து வரிதான் பாடுகிறான். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது, மறைக்கவில்லை. பிற்பகுதியில் ஆர்கன் நாலில் போகிறது, டிரம் ஏழிலேயே நிற்கிறது. இரண்டும் பிரிந்துவிட்டன, இனி கெட்டது என்று மனம் பதைக்கிறது. ஆனால் தெருவில் வேறு வேறு நடையில் போகிற இரண்டு பேர் எப்போதாவது ஒரு மூலையில் ஒன்றாகக் கால் வைக்கிற மாதிரி, அவை ஓரிடத்தில் சேர்கின்றன. சேர்ந்த சந்தோஷத்தை ஒரு நொடிகூடக் கொண்டாடாமல் மறுபடியும் பிரிந்து நடக்கின்றன. முதல் தடவை அந்த இடம் வந்தபோது நான் அரிசியைக் கீழே வைத்துவிட்டேன். நான் படித்த கெட்டியான நாவல்களில் ஒன்றிரண்டுதான் எனக்கு இதைச் செய்திருக்கின்றன.

இவ்வளவு நன்றாக வாசிக்கிறவர்களை யாருக்கும் தெரியவில்லை. கொழும்பு ரேடியோவில் ஆங்கிலப் பாட்டு நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவோம், ஒரு நாளும் அவர்கள் பெயர் வரவில்லை. பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போனபோது பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் தேடிப்பிடித்தேன். பக்கம் முழுக்க வேறொரு பெரிய குழுவைப் புகழ்ந்துவிட்டு, அடியில் இரண்டு வரியில் இவர்கள் பாட்டு ரொம்ப நீளம் என்று முடித்திருந்தார்கள். மெட்ராஸ் கடைக்காரர், அப்படி ஒரு குழுவே கிடையாது, உங்கள் தட்டில் அச்சுப்பிழையாக இருக்கும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ முகம் சிவந்து திரும்பி வந்தாய். எனக்கு அப்போதே ஒன்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. கப்பலில் உன்னோடு பலர் இருப்பார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த பாட்டுகளைப் போடுவார்கள், அவற்றிலும் நல்லது இருக்கும், கேள். யாரும் கேட்காத ஒன்றை நாம் நேசிக்கிறோம் என்பதற்காக மற்றவர்களை மட்டமாக நினைக்காதே. மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காக அதை ஒளித்தும் வைக்காதே. இரண்டும் ஒரே பயத்திலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன்.

அந்தப் பாட்டின் கதை என்ன என்று நமக்குள் நடந்த சண்டை இன்னும் தீரவில்லை. அட்டையில் பாட்டு வரிகள் அச்சாகவில்லை. பாடுகிற நாலைந்து வரியில் ஒரு கதவு வருகிறது, ஒருவன் வருகிறான், காலை வெளிச்சம் வருகிறது, அவ்வளவுதான். "அவன் வீட்டுக்குத் திரும்பி வாரான் சித்தி" என்று நீ அடித்துச் சொல்வாய். "இல்லை, வீட்டை விட்டுப் போகிறான்" என்று நான் சொல்வேன். "போறவன் எதுக்கு இவ்ளோ வேகமா நடக்கப் போறான்? வீடு தெரிஞ்சாத்தான் கால் வேகமா நடக்கும்" என்பாய். பதினாறு வயதில் உனக்கு இருந்த நிச்சயம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. முதல் தட்டு கிடைத்தால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும் என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

(கதவு தட்டுகிற சத்தம் கேட்டு நீதானோ என்று எழுந்து போனேன். காற்று.)

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அப்போது நீ கோயிலில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கி ஒரு வருஷம் போல இருக்கும். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். காணிக்கைப் பை சுற்றும்போது பாடுகிற பாட்டு முடிந்துவிட்டது, பை இன்னும் பாதிக் கோயில்கூடத் தாண்டவில்லை. அந்த இடைவெளியை ஆர்கன்காரன்தான் நிரப்ப வேண்டும். நீ நிரப்பினாய். மூன்றாம் பக்கத்து ஆர்கன் பகுதியை, நிதானமாக, ஞானப்பாட்டு மாதிரியே தொடங்கினாய். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஏதோ பழைய ஜெர்மன் பாட்டு என்று நினைப்பு, தலையாட்டினார்கள். ஆனால் அந்த இசை ஒவ்வொரு தடவையும் முடியப்போகிற மாதிரி வந்து, முடியாமல் திரும்பிப் போகும். நம் சபைக்கோ ஆர்கன் முடிகிற சுரம் கேட்டால் எழுந்து நின்று பழக்கம். சபை எழுந்தது. பாட்டு திரும்பிப் போனது. சபை உட்கார்ந்தது. மறுபடி முடியப்போனது, மறுபடி எழுந்தார்கள். போதகர் ஆசீர்வாதத்துக்குத் தூக்கிய கையை இறக்கினார், திரும்பத் தூக்கினார். "எந்திரிக்கணுமா, உக்காரணுமா? ஒண்ணு சொல்லச் சொல்லுங்கய்யா" என்று ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர். "என்னளா இது, பள்ளிக்கூடத்து டிரில்லு மாதிரி" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி. அந்த முழுக் கோயிலிலும் நான் ஒருத்திதான் எழவில்லை. அது முடியாது என்று எனக்குத்தான் தெரியுமே.

அதைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அசனச் சோறு பரிமாறும்போதே, பையனைக் கெடுத்தது சித்திக்காரிதான் என்று பேச்சு பந்தி பந்தியாகப் போய்விட்டது. என்னைச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. உன் அப்பா இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டும், உன் முகத்தைப் பார்க்காமல், "அது ஒங்கம்மா உக்காந்த பெஞ்சுலே" என்றார். அடுத்த ஞாயிறு நீ அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை, பிறகு ஒருநாளும் உட்காரவில்லை. உன்னைப் போகச் சொன்னது யாருமில்லை, நீயாகத்தான் விலகினாய். அன்றிலிருந்து நீயும் அப்பாவும் மை, மழை, துணி என்று பேச ஆரம்பித்தீர்கள். என்னிடமிருந்து எழுந்து போன மௌனம் வீட்டை விட்டுப் போகவில்லை, இடம்தான் மாறி உட்கார்ந்துகொண்டது. நேற்றும் அது சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ கொச்சியில் ரேடியோ படிப்புக்குப் போயிருந்தபோது, ஒரு மத்தியானம் நான் தட்டைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அப்பா எதையோ மறந்துவிட்டுப் போய் எடுக்க வந்தவர், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து நிறுத்தப் போனேன். "கெடக்கட்டும்" என்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. ஆர்கன் பகுதி வந்தது. "இது எப்பதான்ளா முடியும்?" என்று கேட்டார். "முடியாது. நின்னுபோகும்" என்றேன். நிற்கிறவரைக்கும் இருந்தார். பிறகு, "அவ இருந்தா மொதத் தடவ கேக்கும்போதே புடிச்சிருப்பா" என்றார். செருப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அவன் தப்பில்லாமத்தான் வாசிச்சான், என்ன?" என்று கேட்டார். "ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை" என்றேன். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே சின்னத் தட்டு சறுக்கி அடியில் தட்டியது. இது என்ன சத்தம் என்று பைக்குள் எட்டிப் பார்த்தவர், பார்த்தபடியே இருந்தார். வெளியே எடுக்கவில்லை. அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அவன்ட்டச் சொல்லிராத" என்றார்.

இவ்வளவு காலம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் எந்த நாட்டுக்காரனோடும் பேச வரும், மகனிடம்தான் வராது. நீ எழுதுகிற கடிதங்களை என் பெயருக்கு மட்டும் எழுதாதே. அவருக்குத் தனியாக ஒன்று எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், எந்தத் துறைமுகத்தில் எத்தனை கிரேன், எந்தக் கப்பல் என்ன கொடி என்று எழுதினால் போதும். அதை அவர் ஏஜென்சிக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் படித்துக் காட்டுவார் என்பது எனக்குத் தெரியும்.

உனக்கு இசை பழகிய காதுதான் இந்த வேலையை வாங்கித் தந்திருக்கிறது. மற்றவர்களுக்கு வெறும் சத்தமாகக் கேட்கிற மோர்ஸ் தந்தியை நீ தாளமாகக் கேட்கிறாய் என்று உன் வாத்தியாரே சொன்னதாகச் சொன்னாய். அந்தக் காதைப் பத்திரமாக வைத்துக்கொள். ராத்திரி காவல் இருக்கும்போது குளிரில் காதைப் பொத்திக்கொள். அதிகம் குடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்காராதே என்று சொல்ல நினைத்தேன். உட்காராமல் இருக்க முடியாது, உட்கார், எழுந்து வந்துவிடு. புறப்படுகிற நாளில் ஒரு தாய் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கும். அவற்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தே பாதி நாளைக் கழித்துவிட்டேன். திரும்பி வா என்று சொல்ல உரிமை உண்டா? நேற்று அப்பா, "அடுத்த லீவு எப்ப?" என்று கேட்டதற்கு, "வரணும்னா வருவேன்" என்றாயே. உன்னைப் பெற்ற அம்மா இருந்திருந்தால் அந்த நிமிஷமே உன் காதைத் திருகியிருப்பார். நான் பானை மூடியைத் திறந்து மூடினேன்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்கிறேன். நாளை உன் பெட்டியில் இந்தத் தாள்களைச் சட்டைகளுக்கு அடியில் வைப்பேன், பம்பாய் தாண்டித்தான் பார்ப்பாய். கார்டர்ஸ் மில்லின் முதல் தட்டை எல்லாத் துறைமுகத்திலும் தேடு. கிடைத்தால் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. ஆனால் பார்சலில் அனுப்பாதே, செல்வின். அனுப்பினால் அதை வைக்க இங்கே இடமில்லை. அந்தப் பை காலியாக இல்லை, அதில் உன் அம்மாவின் தட்டு இருக்கிறது. அதில் என்ன பாட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது, லேபிளைக்கூட நான் பார்த்ததில்லை. உன் அப்பா அதை எடுக்கமாட்டார். நான் எடுக்கக்கூடாது. வைத்தவன் நீ, நீதான் வந்து எடுக்க வேண்டும்.

எடுத்து, சுழலும் தட்டில் வை. அப்பாவையும் கூப்பிடு. முதலில் அதைக் கேட்போம். நீ கொண்டுவருகிறது அதற்கு அப்புறம்.

சித்தி